டெல்ப்ட் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது: தீவகத்து யூசர்நேம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் பிரச்சினைகள் மூன்று: குடிதண்ணீர், படகு, யூசர்நேம். முதல் இரண்டையும் பற்றி வெள்ளைக்கார ஏஜென்டுமார் காலந்தொட்டு அறிக்கைகள் எழுதப்பட்டு வருகின்றன. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நிற்கிற எவரைக் கேட்டாலும் வாய்மொழியாக இன்னொரு அறிக்கை தருவார். மூன்றாவதைப் பற்றி முறையான ஆய்வு எதுவும் இல்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மரபுப்படி இவ்விடத்தில் அவையடக்கம் வரவேண்டும். இடம் போதாமையால் விடப்பட்டது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு வேலணை வங்களாவடியில் ஒரு கொமினிகேசன் கடையில் நடந்தது. போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போட் சைஸ் படம் எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற கடை. நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் வந்த ஓட்டோக்காரர் ஒருவர் அங்கே நின்றார். வருகிற சனத்துக்குப் பெருக்கு மரம், காட்டுக் குதிரைகள், புறாக்கூடு, பவளக்கல் மதில் எல்லாம் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். தொழிலுக்கு இன்ஸ்டகிராமில் ஒரு பக்கம் வேண்டும். பெயரைப் படகிலேயே யோசித்து முடித்திருந்தார்: நெடுந்தீவின் மறுபெயரான டெல்ப்ட். கடையில் இருந்த தங்கச்சி தட்டிப் பார்த்தார்.

"அண்ணை, உந்தப் பேர் இருக்காம்."

"ஆரிட்ட?"

"அது சொல்லாது."

"அப்ப நெடுந்தீவெண்டு அடிச்சுப் பாரும்."

"அதுவும் ஆரோ எடுத்திட்டினம்."

"நெடுந்தீவில எனக்குத் தெரியாத ஆள் ஆர் இருக்கு? ஆரெண்டு சொல்லும், பின்னேரம் வீட்ட போய்க் கதைக்கிறன்."

"அண்ணை, பின்னால எண்பத்தேழு போட்டாத் தரலாமெண்டு கேக்குது."

"எண்பத்தேழு ஆற்ற வயசு?"

இந்த உரையாடலை மேலோட்டமாக வாசித்துச் சிரிப்போர் ஆய்வுக்கு உதவார். ஓட்டோக்காரர் கேட்ட கேள்விகள் ஆழமானவை. தீவகத்தில் எந்தப் பொருளுக்கும் உடையவர் உண்டு; அவருக்கு ஒரு வீடு உண்டு; வீட்டுக்குப் படலை உண்டு. காணிப் பிணக்கென்றாலும் மாட்டுப் பிணக்கென்றாலும் படலையில் நின்று கூப்பிட்டால் யாராவது வெளியே வருவார்கள். யூசர்நேமுக்கு உடையவர் உண்டு, படலை இல்லை. பிரச்சினையின் வேர் இதுவே என்க.

இனி இலக்கணம். முன்பு டுவிட்டர் எனப்பட்ட எக்ஸ் தளத்தில் யூசர்நேம் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது; இன்ஸ்டகிராமில் 30 வரை போகலாம். பேஸ்புக்கும் ரெலிகிராமும் ஆகக் குறைந்தது 5 எழுத்தாவது கேட்கும். எழுத்து என்றால் ஆங்கில எழுத்து. இலக்கம் சேர்க்கலாம், சில இடங்களில் அடிக்கோடு போடலாம், சில இடங்களில் புள்ளியும் வைக்கலாம். பேஸ்புக் புள்ளியை வைக்க விடும், ஆனால் கணக்கில் எடுக்காது. இந்த விதிகளைத் தீவகத்துக்குப் பொருத்திப் பார்த்தால் முதலில் ஒரு நற்செய்தி. ஆங்கிலத்தில் எழுதினால் ஊர்காவற்துறையின் மறுபெயரான கயிற்ஸ் ஐந்தெழுத்து, டெல்ப்டும் ஐந்தெழுத்து. இரண்டும் மட்டுமட்டாகத் தேறிவிடுகின்றன. ஐந்தெழுத்து கைவிடாது என்பது சைவர்களுக்குப் புதுச் செய்தி அல்ல.

ஆனால் ஊர்காவற்துறையை நெடில் குறில் பார்த்து, றகரத்துக்கு உரிய மரியாதை கொடுத்து ஆங்கிலத்தில் எழுதப் புறப்பட்டால் 16 எழுத்தாகி எக்ஸின் வரம்பை ஓரெழுத்தால் மீறும். எல்லை தாண்டுதல் இந்தக் கடலில் எவ்வளவு பெரிய குற்றம் என்பதை இருகரை மீனவரும் அறிவர்.

புங்குடுதீவின் நிலை வேறு. அங்கே குறை எழுத்தின் நீளம் அன்று, எழுத்தின் விருப்பம். ஙகரத்தை அடுத்த குகரத்துக்குக் கே போடலாம், ஜீ போடலாம். தகரத்துக்கு ரீ மட்டும் போதும் என்பார் ஒருசாரார். எச்சும் வேண்டும் என்பார் மறுசாரார். நெடிலுக்கு ஓர் ஐ அல்லது இரண்டு ஈ. கடைசி வுகரத்துக்கு வீயா டபிள்யூவா என்பதில் குடும்பத்துக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16. அதாவது ஒரே ஊருக்குப் பதினாறு வாசல்! ஆகவே எடுத்துவிட்டார்கள் என்று புங்குடுதீவார் அழ இடமில்லை. ஒரு வாசல் பூட்டியிருந்தால் மற்றதில் நுழையலாம் என்பார் உளர். அது பொருந்தாது. பதினாறு வாசலிலும் பதினாறு பேர் தனித்தனியாகக் கடை போட்டால், ஊரைத் தேடி வருகிறவர் எந்த வாசலில் செருப்பைக் கழற்றுவது?

அடுத்த வினா: எடுத்தவர் யார்? இதற்கு ஒரு திகதியிலிருந்து தொடங்க வேண்டும். பேஸ்புக் தன் பயனர்களுக்குப் பெயர் தெரிவு செய்யும் வாய்ப்பைத் திறந்தது 2009 யூன் 13. அமெரிக்கக் கிழக்குக்கரை நேரப்படி நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம், முந்தியவருக்கே பெயர். ரொறன்ரோவிலும் அப்போது அதே நள்ளிரவு. எங்கள் பக்கம் காலை ஒன்பதரை. யுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிராத காலை அது. வன்னியிலிருந்து வந்தவர்கள் முகாமில் இருந்தார்கள். மற்றவர்கள் அந்த முகாம்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று பெயர் தேடியவர்கள் எல்லோரும் ஆளைத்தான் தேடினார்கள். தளத்தில் ஒரு பெயரைப் பிடித்து வைப்போம் என்ற எண்ணம் ஒருவருக்கும் வந்திராது. தீவகத்திலோ 1990களின் இடப்பெயர்வில் பூட்டிய வீடுகள் பல இன்னும் பூட்டியே கிடந்தன. ஆகவே ஊர்ப்பெயர்களுக்கு முந்திக் கை வைத்திருக்கக்கூடியவர் கணினியும் இணைப்பும் இரவு விழிப்பும் வாய்த்த புலம்பெயர்ந்தவரே என்பது எமது துணிபு. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஊரை விட்டுப் போனவருக்குக் காணி கிடைக்கவில்லை, பெயராவது கிடைத்தது. பிறகு அவருக்கும் வேலை, பிள்ளைகள், பனி. கணக்கு அப்படியே கிடக்கிறது.

இனிக் கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். ஏற்கெனவே எடுக்கப்பட்ட பெயரை மறுபடி எடுக்கும் பழக்கத்தைத் தீவகத்தில் தொடக்கிவைத்தவர்கள் இளைஞர்கள் அல்லர், ஒல்லாந்தர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தது. அதன்பின் ஒல்லாந்தக் கும்பனி தீவுகளைக் கணக்கெடுத்து, படத்தில் எழுதி, பெயர் வைத்தது. வைத்த பெயர்கள்: காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம், வேலணைத் தீவுக்கு லைடன், நெடுந்தீவுக்கு டெல்ப்ட், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நயினாதீவுக்கு ஹார்லெம், எழுவைதீவுக்கு ஹோர்ன். ஏழும் ஒல்லாந்திலே ஏற்கெனவே ஆள் குடியிருந்த, உயிரோடு இயங்கிக்கொண்டிருந்த பெயர்கள். பின்னால் 87 போடவேண்டும் என்ற எண்ணம்கூட அவர்களுக்கு வரவில்லை.

ஏன் இந்தப் பெயர்கள்? ஊர் ஞாபகம் என்பார் உளர். ஓரளவு சரி. ஆனால் 1602இல் தொடங்கிய அந்தக் கும்பனிக்குத் தாயகத்தில் ஆறு கிளைகள் இருந்தன. அம்ஸ்டர்டாம், டெல்ப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன் ஆகிய நான்கும் அந்தக் கிளை நகரங்கள். சீலாந்துக் கிளை இருந்த நகரம் மிடில்பேர்க். பங்குதாரரின் பெயர்களைத் தீவுகளுக்குப் பிரித்துக் கொடுத்ததைப் பார்த்தால் இது ஊர் ஞாபகத்தைவிடக் கோயில் மண்டபத்தில் உபயகாரர் பெயர் வெட்டுவதற்குத்தான் கிட்ட நிற்கிறது.

டெல்ப்டைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கருத்து. 1654இல் ஒல்லாந்திலுள்ள டெல்ப்ட் நகரத்தின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, நகரத்தின் ஒரு பகுதி தரைமட்டமானது. நாலே வருசத்தில் யாழ்ப்பாணம் விழுகிறது. நெடுந்தீவு டெல்ப்ட் ஆகிறது. அசலுக்கு ஆபத்து வந்ததால் பாதுகாப்பான இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்தார்கள் என்று கொள்வதில் தவறென்ன? சான்று இல்லை என்பார். ஆய்வுலகில் அது ஒரு தடையாக இருந்ததை யாம் கண்டதில்லை.

பெயர்கள் ஐரோப்பாவில் மட்டுமா எடுக்கப்பட்டிருந்தன? ஏபெல் தாஸ்மன் என்ற அதே கும்பனியின் மாலுமி 1643இல் பசிபிக் கடலில் தொங்கா தீவுகளுக்குப் போனார். தொங்காதாபுவுக்கு அம்ஸ்டர்டாம் என்றும், ஏயூவாவுக்கு மிடில்பேர்க் என்றும், நொமுகாவுக்கு ரொட்டர்டாம் என்றும் பெயர் வைத்துவிட்டு வந்தார். அதற்கும் பத்து வருசம் முன்பு, 1633இல், தென் இந்து சமுத்திரத்தில் மனிதர் இல்லாத ஒரு தீவும் கும்பனிக் கப்பல் ஒன்றின் பெயரால் அம்ஸ்டர்டாம் ஆகியிருந்தது. ஆகக் காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆனபோது அந்தப் பெயரில் ஒரு நகரமும் குறைந்தது இரண்டு தீவுகளும், அத்திலாந்திக்குக்கு அப்பால் ஒரு நியூ அம்ஸ்டர்டாமும் ஓடிக்கொண்டிருந்தன. இன்றைய தளங்கள் ஒரே பெயரை இருவருக்குக் கொடுப்பதில்லை. கும்பனி ஒரே பெயரை எத்தனை பேருக்கும் கொடுத்தது, வாங்குகிறவரைக் கேட்காமலே கொடுத்தது. இதில் எது கொடுமை என்பதை வாசகரே தீர்மானிக்க.

நயினாதீவின் கதை இதைவிட விசேடமானது. நியூ அம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, மான்ஹற்றன் தீவின் மேல்பகுதியில், ஒல்லாந்தர் நியூ ஹார்லெம் என்றொரு குடியேற்றத்தை நிறுவினார்கள். ஆண்டு 1658. யாழ்ப்பாணம் விழுந்த அதே ஆண்டு! ஒரே ஊரின் பெயர் இரண்டு தீவுக்குப் போயிற்று. 1664இல் ஆங்கிலேயர் வந்து நியூ அம்ஸ்டர்டாமை நியூ யோர்க் ஆக்கினார்கள். ஆனால் ஹார்லெம் மட்டும் ஓரெழுத்து மெலிந்து இன்றுவரை அங்கே நிற்கிறது, கறுப்பின மக்களின் இசையும் எழுத்தும் அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. நயினாதீவில் அதே பெயரை இன்று ஒருவரும் அறியார். நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் படகேறுகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராவது "ஹார்லெமுக்கு ஒரு ரிக்கற்" என்று கேட்டதாகத் தகவல் இல்லை. சிங்களவர் நாகதீப என்பர், தமிழர் நயினாதீவு என்பர். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் சரியாக ஒன்பது எழுத்து. மூன்றாம் பெயருக்கு அங்கே இடமில்லை.

ஏழு பெயர்களில் புழக்கத்தில் பிழைத்தது ஒன்றே: டெல்ப்ட். லைடன் சில படங்களிலும் பழைய ஆவணங்களிலும் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். பிரதேச செயலகம்கூட ஆங்கிலத்தில் டெல்ப்ட் என்றே எழுதிக்கொள்கிறது. ஏன் டெல்ப்ட் மட்டும்? பெயர் சிறியது, அதனால் நின்றது என்பது ஒரு கொள்கை. மறுப்பு: ஹோர்னும் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துத்தான், எழுவைதீவில் அது ஒரு நாளும் ஒட்டவில்லை. தமிழ்ப்பெயர் வெள்ளைக்காரர் வாயில் நுழையாததால் என்பது இரண்டாவது கொள்கை. மறுப்பு: நெடுந்தீவை விடப் புங்குடுதீவு வாயில் நுழைவது கடினம்; அங்கே மிடில்பேர்க் எங்கே?

எமது துணிபு: டெல்ப்டில் குதிரை இருந்தது. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற அயர்லாந்துக்கார லெப்டினன்ட் தீவுக்குப் பொறுப்பாக இருந்து அந்த வேலையைப் பார்த்தார். குதிரைக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்குக் கடிதம் வேண்டும். கடிதத்தின் தலைப்பில் இடம், திகதி எழுத வேண்டும். டெல்ப்ட், டெல்ப்ட், டெல்ப்ட் என்று மாதாமாதம் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஆறும் பெயர் திறந்து ஒரு பதிவும் போடாத கணக்குகள். பெயரை எடுப்பது ஒன்று, பாவிப்பது வேறு. போர்த்துக்கேயரும் இதே தீவுக்கு மாட்டுத் தீவு என்று தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மாடுகள் கடிதம் எழுதாதபடியால் அது போயிற்று.

நெடுந்தீவு என்ற பெயரோ எந்தக் கும்பனியிடமும் பதிவு செய்யப்படாமல், காசு கட்டாமல், அங்கே பிறந்தவர்கள் வாயிலேயே இருந்து இத்தனையையும் கடந்து வந்திருக்கிறது.

எடுக்கப்பட்ட பெயரை விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. இதற்கு முதன்மைச் சான்று காரைநகர். அது முன்னாளில் காரைதீவு. கிழக்கிலங்கையில் கல்முனைக்குத் தெற்கே இன்னொரு காரைதீவு இருக்கிறது. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர். பெயர் ஒன்று, ஊர் இரண்டு. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வடக்குக் காரைதீவு காரைநகர் ஆயிற்று. பொன்னாலைப் பாலம் வந்தபின் தீவு என்பது பொருந்தாது என்று ஒரு காரணமும், இரண்டு காரைதீவுக்கும் இடையில் குழப்பம் என்று இன்னொரு காரணமும் சொல்வார்கள். எதுவாயினும் சரி, அடிக்கோடு போடாமல், இலக்கம் ஒட்டாமல், வாலை மட்டும் மாற்றி ஒரு யூசர்நேம் பிணக்கை ஊரே தீர்த்துக்கொண்ட சம்பவம் இது. இதைவிடச் சுத்தமான தீர்வை எந்தத் தளமும் இன்றுவரை தரவில்லை.

அதே காரைநகரில் இன்னொரு முறையும் உண்டு. அங்குள்ள சிவன் கோயிலை ஈழத்துச் சிதம்பரம் என்பர். சிதம்பரம் என்ற பெயர் காவிரிக்கு வடக்கே எடுக்கப்பட்டுப் பல நூற்றாண்டாகிவிட்டது. காரைநகரார் வழக்குப் போடவில்லை, வருத்தப்படவும் இல்லை. முன்னால் ஒரு சொல் சேர்த்தார்கள். இக்காலத்தவர் பெயருக்குப் பின்னால் ஒபிஷியல் என்றும் முன்னால் த ரியல் என்றும் ஒட்டுகிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். வேறுபாடு என்னவென்றால், ஈழத்துச் சிதம்பரம் என்று சொல்லும்போது கேட்கிறவர் கையெடுக்கிறார். ஒபிஷியல் என்று ஒட்டும்போது, அப்படியானால் மற்றது யார் என்று கேட்கிறார்.

வலிந்து எடுத்தலுக்கும் சான்று காட்ட வேண்டும். 2023 யூலையில் டுவிட்டர் தன் பெயரை எக்ஸ் என மாற்றியது. அந்த ஓரெழுத்து யூசர்நேமை 2007 முதல் சான் பிரான்சிஸ்கோப் புகைப்படக்காரர் ஒருவர் வைத்திருந்தார். நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு அவருக்கு வேறு பெயர் கொடுத்தது. காசு இல்லை, நிறுவனத்தின் நினைவுப் பொருட்களும் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பும் தருவதாகச் சொன்னது. கும்பனிக்கு வேண்டுமென்றால் பெயரை எடுக்கும் என்ற விதி 1658இலும் 2023இலும் ஒன்றே என்பதை இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போர் உணர்வர். நெடுந்தீவாருக்குச் சுற்றுலாவும் காட்டவில்லை.

ஆள் இல்லாத கணக்கை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். டுவிட்டர் 2019 நவம்பரில் நீண்டநாள் அசையாத கணக்குகளை அழிக்கப் போவதாக அறிவித்தது. இறந்துபோனவர்களின் கணக்குகளும் அழிந்துவிடுமே என்று சனம் சத்தம் போட, நிறுத்தி வைத்தது. பெரிய தொழில்நுட்பக் கேள்வி என்று அவர்கள் நினைத்தார்கள். தீவகத்தில் இதற்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே விடை கல்லில் வெட்டியாயிற்று. நயினாதீவில் கிடைத்த, பொலநறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறையைப் பற்றிப் பேசுகிறது. இன்றைய ஊர்காவற்துறை அதுவே. வெளிநாட்டு வணிகர் அங்கே வந்து இறங்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. மற்ற வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

கவனிக்க: கப்பல் கரையில் கிடக்கிறது, ஆளைக் காணோம், ஆனாலும் முழுவதையும் பண்டாரம் விழுங்கவில்லை; உடையவருக்கென்று பங்கு நிற்கிறது. இந்த நியாயத்தை யூசர்நேமுக்குப் பொருத்துவதில் ஒரே ஓர் இடர்ப்பாடு. யூசர்நேம் யானையா, சரக்கா? யானை என்று கொண்டால் டெல்ப்டின் ஐந்தெழுத்தில் பண்டாரத்துக்கு ஒன்றேகால் எழுத்து வரும். அந்தக் கால் எழுத்தை எங்கே கட்டி வைப்பது? சரக்கு என்று கொண்டால் இரண்டரை எழுத்து. இப்பகுதியில் மேலும் ஆய்வு தேவை.

இனி ஊர் மனிதரின் பெயர். ஊர்ப்பெயர் போனால் போகட்டும், தன் பெயரையாவது எடுக்கலாமே என்று தொடங்குகிறவருக்கு யாழ்ப்பாணம் ஒரு விசேட சோதனை வைத்திருக்கிறது. எண்பதுகளிலிருந்து எங்கள் பெற்றோர் எவருக்கும் இல்லாத பெயரைத் தங்கள் பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்று விரதம் பூண்டார்கள். தேவாரத்தில் இல்லாதது, அகராதியில் இல்லாதது, எண்சாத்திரப்படி கூட்டினால் சரியாக வருவது. டிலக்சன் வந்தான், நிலக்சன் வந்தான், சுலக்சன், மிதுலக்சன் எல்லோரும் வந்தார்கள். உலகத்திலேயே இல்லாத பெயர் என்று நம்பி வைத்ததை ஐந்தாம் வகுப்பு இடாப்பு பொய்யாக்கியது: ஒரே வகுப்பில் இரண்டு டிலக்சன். மாஸ்ரர் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு வேலையை முடித்தார். இன்று அந்த இருவரும் முதலெழுத்து, அடிக்கோடு, பிறந்த ஆண்டு என்று எல்லாம் ஒட்டி, ஒருவர் இலண்டனிலும் ஒருவர் கொழும்பிலும் மூன்றாவது டிலக்சன் ஒருவனால் முந்தப்பட்டு நிற்கிறார்கள்.

ஆளை ஐயமற அடையாளம் காட்டும் முறை தமிழரிடம் இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது உயிரோடு இருக்கும்போது கிடைப்பதில்லை. மரண அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். புங்குடுதீவு எட்டாம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும், வேலணை கிழக்கை வாழ்விடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதிகளின் மூத்த மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும், சகலனும், பேரனும் ஆவார். இத்தனையும் பொருந்துகிற இரண்டாவது மனிதர் உலகில் இருக்க முடியாது. எந்தத் தளத்தின் பொறியும் இதை எடுத்தாயிற்று என்று திருப்பி அனுப்பாது. வட்டாரத்தைச் சொல்லாமல் ஊரை மட்டும் சொன்னால் புங்குடுதீவார் அரைகுறை முகவரி என்று விட்டுவிடுவார்கள், அத்தனை நுணுக்கம். ஒரே குறை, இதற்கு 15 எழுத்து காணாது. 30ம் காணாது.

அங்கே கடையில் என்ன முடிவாயிற்று? டெல்ப்ட், பிறகு அடிக்கோடு, பிறகு ஓட்டோ என்று ஒரு பெயர் கிடைத்தது. அவர் மகிழ்ச்சியோடு போய் ஓட்டோவின் பின்கண்ணாடியில் அதை எழுதக் கொடுத்தார். எழுதுகிறவர் அனுபவசாலி; கோயில் பெயர்ப்பலகை, கடைப் பலகை, வள்ளத்து இலக்கம் எல்லாம் எழுதியவர். சொற்களுக்கு நடுவில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். யாரோ அரைகுறையாக விட்ட வேலை என்று நினைத்து, அதை எடுத்துப் பெயர் முழுவதற்கும் கீழே சிவப்பில் ஒரு நல்ல கோடாக இழுத்து, இரண்டு பக்கமும் பூவும் போட்டுக் கொடுத்தார். பார்க்க மிக அழகு. அதைப் பார்த்துத் தேடிய வெள்ளைக்காரச் சோடி ஒன்று, ஓட்டோவோ குதிரையோ இல்லாத, நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டுகளாக நிறைந்த ஒரு பக்கத்தில் போய் இறங்கியது. ஒல்லாந்து டெல்ப்டின் பீங்கான் உலகப் புகழ் பெற்றது என்பதை இதுவரை ஓட்டோக்காரருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க விட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். இணையத்தள முகவரிக்கு அது முடியும். புள்ளி இலங்கை என்று தமிழில் முடிகிற முகவரிகள் 2010இலேயே அங்கீகரிக்கப்பட்டுவிட்டன. தகரத்துக்கு எச் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை அங்கே இல்லை. இன்ஸ்டகிராமும் எக்ஸும் யூசர்நேமுக்குத் தமிழ் எழுத்தை இன்னும் ஏற்பதில்லை. விட்டால் நெடுந்தீவுக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான், புங்குடுதீவுக்கும் ஒன்றுதான். ஒல்லாந்துக்காரர் ஒருவரும் போட்டிக்கு வரமாட்டார். காரைதீவு மட்டும் மறுபடியும் இரண்டு பேருக்கு வேண்டியிருக்கும். வடக்கார் ஒருமுறை விட்டுக்கொடுத்தவர்கள், மறுபடியும் கொடுப்பார்கள்.

முடிவுகள்: டெல்ப்டை ஒல்லாந்துக்கே விட்டுவிடலாம், முதலில் எடுத்தவர்கள் அவர்கள்தான். ஹார்லெம் நியூ யோர்க்காரருக்கு. கயிற்ஸை விடக்கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தீவகத்து ஊர்ப்பெயர்களை ரொறன்ரோவிலோ பாரிஸிலோ சூரிச்சிலோ இருந்து எடுத்து வைத்திருக்கும் அண்ணைமார், அக்காமார் இதை வாசித்தால்: பாஸ்வேர்ட் ஞாபகம் இருந்தால் உள்ளே போய், ஊரில் இருக்கிற யாராவது ஒரு பிள்ளையிடம் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் உங்கள் பெயரையும் வட்டாரத்தையும் அதிலே எழுதி விடுங்கள். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்து கதைப்பார்கள்.